ஸ்கேனில் விழாத அடி

1928-ல், அமெரிக்காவின் நியூவார்க் பகுதியில் பிணக்கூறாய்வு மருத்துவராக இருந்த ஹாரிசன் மார்ட்லண்ட், குத்துச்சண்டை வீரர்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பல ஆண்டுகள் தலையில் குத்து வாங்கியவர்கள் ஒரு கட்டத்தில் காலை இழுத்து நடக்கிறார்கள், பேச்சு குழறுகிறது, கை நடுங்குகிறது, புத்தி மந்தமாகிறது, சிலர் கடைசியில் மனநலக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்கிறார்கள் என்றார். மருத்துவர்களுக்குத்தான் இது புதுச் செய்தி. மேடையைச் சுற்றி டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்த ரசிகர்களுக்கு எப்போதோ தெரியும். அப்படி ஆகிப்போனவர்களைக் கேலி செய்ய அவர்களிடம் பட்டப்பெயர்களே நாலைந்து இருந்தன. அந்த நிலைக்கு ஆளான 23 பேரின் பெயர்களை மார்ட்லண்டுக்கு எழுதிக் கொடுத்தவர் ஒரு குத்துச்சண்டைப் போட்டி அமைப்பாளர். ஆளை மேடையேற்றிச் சம்பாதித்தவரிடமே பட்டியல் தயாராக இருந்தது.

மார்ட்லண்ட் இன்னொன்றையும் கவனித்தார். பெரிய சாம்பியன்களைவிட, அவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதற்காகக் கூலிக்கு அமர்த்தப்படும் இரண்டாந்தர வீரர்களுக்கே இந்தக் கதி அதிகம் நேர்கிறது. ஒரே நாளில் பலமுறை தரையில் விழுபவர்கள் அவர்கள். அடி வாங்குவதே அவர்களுடைய வேலை. இது மார்ட்லண்டின் கண்ணில் பட்டதில் வியப்பில்லை. கடிகார முகப்புகளில் ஒளிரும் ரேடியச் சாயம் பூசிய இளம்பெண்களின் தாடை எலும்பு உளுத்துப் போனதற்கு அந்தச் சாயமே காரணம் என்று 1925-ல் காட்டியவர் அவர். கம்பெனி மறுத்தது. வேலை ஆளைத் தின்னும் விதமும், முதலாளி அதை மறுக்கும் விதமும் அவருக்கு ஏற்கெனவே பழக்கம்.

மூளையதிர்ச்சி, அதாவது கிரிக்கெட் வர்ணனையில் நாம் கேட்டுப் பழகிவிட்ட ‘கன்கஷன்’, வழக்கமாக விளையாட்டுக் காயங்கள் என்ற தலைப்பில் வைத்துப் பேசப்படுகிறது. தொழில்நோய்களின் வரிசையில் வைத்துப் பார்த்தால்தான் அதன் கதை விளங்கும் என்று நினைக்கிறேன். அதற்குமுன் தலைக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

மண்டையோட்டுக்குள் சுமார் 1,300 கிராம் எடையுள்ள, மிக மென்மையான ஓர் உறுப்பு நீரில் மிதந்தபடி இருக்கிறது. அடி எங்கிருந்து வந்தாலும் தலை நேர்கோட்டில் மட்டும் நகர்வது அபூர்வம். கழுத்தை அச்சாகக் கொண்டு அது திரும்பும். ஆக்ஸ்ஃபோர்டில் பணியாற்றிய இயற்பியலாளர் ஹோல்போர்ன், மூளையின் வடிவத்தில் ஜெலட்டின் வார்த்துச் சோதித்து, 1943-ல் ஒரு முடிவை வெளியிட்டார்: மூளையைக் கெடுப்பதில் நேரான தள்ளலைவிடச் சுழற்சிக்கே பங்கு அதிகம். அரைகுறையாக உறைந்த தயிர்ச் சட்டியைச் சட்டென்று திருப்பினால், ஓரத்துத் தயிர் சட்டியோடு போகும், நடுவிலிருப்பது பின்தங்கும், இரண்டுக்கும் இடையே ஓர் இழுபறி ஏற்படும். மூளையில் அந்த இழுபறியில் மாட்டிக்கொள்பவை ஆக்ஸான்கள், ஒரு நரம்பணுவிலிருந்து இன்னொன்றுக்குச் செய்தி கொண்டுபோகும் நீண்ட இழைகள். மெல்ல இழுத்தால் அவை நீண்டு கொடுக்கும். ஒரு நொடியில் நூறில் சில பங்கு நேரத்துக்குள் இழுத்தால் விறைத்துக்கொள்ளும், உள்ளே இருக்கும் நுண்குழல்கள் முறியும்.

இழை அறுவதுகூட அவசியமில்லை. இழுபட்ட அணுவின் சவ்வில் கசிவு ஏற்பட்டு, பொட்டாசியம் வெளியே கொட்டுகிறது, கால்சியம் உள்ளே பாய்கிறது. பழைய நிலைக்குத் திரும்ப, அணுவின் அயனிப் பம்புகள் முழுவேகத்தில் ஓடியாக வேண்டும். அதற்குக் குளுக்கோஸ் ஏராளமாக வேண்டும். அந்த நேரம் பார்த்து மூளைக்கு வரும் ரத்த ஓட்டம் குறைகிறது. தேவை உச்சத்தில் இருக்கையில் வரத்து சுருங்குகிறது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டோபர் கிசாவும் டேவிட் ஹோவ்டாவும் 2001-ல் தொகுத்துச் சொன்ன இந்த எரிசக்தி நெருக்கடிதான் தலைவலி, கிறுகிறுப்பு, வெளிச்சம் தாளாமை, சொன்னது மனதில் நிற்காமை, காரணமில்லாத எரிச்சல் ஆகிய எல்லாவற்றுக்கும் அடிப்படை என்று கருதப்படுகிறது. பெரும்பாலான பெரியவர்களுக்கு இரண்டு வாரங்களில் இது தானாகச் சரியாகும். குழந்தைகளுக்கு நான்கு வாரங்கள்வரை போகலாம். ஒரு பகுதியினருக்கு மாதக்கணக்கில் நீளும். நினைவிழந்து விழுந்தால்தான் கன்கஷன் என்று எண்ணுபவர்கள் இன்றும் உண்டு. விளையாட்டுக் களத்தில் கன்கஷன் ஆனவர்களில் நினைவு தப்புபவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை.

ஆற வேண்டிய நாட்களில் ஆளை இருட்டறையில் படுக்கவைத்து, டிவி கூடாது, புத்தகம் கூடாது, நண்பர்கள் கூடாது என்று கட்டிப்போட்ட காலம் ஒன்று இருந்தது. அது தவறு என்று இப்போது தெரிகிறது. மில்வாக்கியில் நடந்து 2015-ல் வெளியான ஆய்வில், ஐந்து நாள் கண்டிப்பான ஓய்வில் வைக்கப்பட்ட இளையவர்கள், ஓரிரு நாள் ஓய்வுக்குப்பின் மெல்ல நடமாடத் தொடங்கியவர்களைவிட அதிகத் தொந்தரவுகளைச் சொன்னார்கள். இன்றைய அறிவுரை 24 முதல் 48 மணி நேர மிதமான ஓய்வு, பிறகு நடை போன்ற லேசான உடலியக்கம். ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுப்பே கிடையாது: ஆறும்முன் தலையில் இன்னொரு அடி விழக் கூடாது. 2006-ல் வாஷிங்டன் மாநிலத்தில் ஜாக்கரி லிஸ்டட் என்ற 13 வயதுப் பையன் தலையில் அடிபட்டபின் அதே ஆட்டத்துக்குத் திரும்பினான். மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு நீண்டகால முடக்கத்துக்கு ஆளானான். 2009-ல் அவன் பெயரிலேயே அந்த மாநிலம் சட்டம் இயற்றியது: கன்கஷன் சந்தேகம் என்றால் சிறுவர்களை உடனே வெளியேற்ற வேண்டும், மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் திரும்ப இறக்கக் கூடாது. அடுத்த ஐந்தாண்டுகளில் அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் இப்படி ஒரு சட்டம் வந்துவிட்டது.

இவ்வளவு நடந்தும் சி.டி. ஸ்கேனில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. அந்தக் கருவி எலும்பு முறிவையும் ரத்தக்கசிவையும் காட்டும், அயனிகள் இடம் மாறியதைக் காட்டாது. 2018-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரத்தப் பரிசோதனையும், ஸ்கேன் தேவையா என்று முடிவெடுக்கத்தான் உதவுகிறது. கன்கஷன் உண்டா இல்லையா என்று அடித்துச் சொல்லும் ஒற்றைச் சோதனை இதுவரை கிடையாது. ஹெல்மெட்டும் மண்டையோட்டைத்தான் காக்கிறது, உள்ளே நடக்கும் சுழற்சியைப் பெரிதாகத் தடுப்பதில்லை.

ஆகவே இந்தக் காயத்துக்கு அடிபட்டவரின் வாய்மொழியே முதல் சாட்சி. அந்தச் சாட்சியோ அடிபட்ட மூளையிலிருந்து வருகிறது. 2019 ஆகஸ்ட் 17 அன்று லார்ட்ஸ் மைதானத்தில், ஜோஃப்ரா ஆர்ச்சர் வீசிய பவுன்சர் ஸ்டீவ் ஸ்மித்தின் காதுக்குக் கீழே கழுத்தில் பட்டது. அவர் விழுந்தார், எழுந்தார், உள்ளே போய்ச் சோதனைகளில் தேறினார், திரும்பி வந்து மேலும் 12 ரன் எடுத்து 92-ல் ஆட்டமிழந்தார். மறுநாள் காலைதான் அறிகுறிகள் தலைகாட்டின. கன்கஷனுக்கு மாற்று ஆட்டக்காரரை இறக்கலாம் என்று ஐ.சி.சி. விதி கொண்டுவந்து மூன்று வாரம்கூட ஆகியிருக்கவில்லை. அந்த விதியின்கீழ் டெஸ்டில் முதன்முதலாக இறங்கிய மார்னஸ் லபுஷேனின் ஹெல்மெட் கம்பியையும் ஆர்ச்சரின் பந்து வந்ததுமே பதம் பார்த்தது. ஸ்மித் எதையும் மறைக்கவில்லை. அவருக்கே அப்போது தெரியவில்லை. மறைக்கக் காரணமுள்ளவர்களின் நிலையை யோசித்துப் பாருங்கள். அமெரிக்கக் கால்பந்தில் சீசன் தொடங்கும்முன் வீரர்களின் நினைவாற்றலைச் சோதித்துக் குறித்து வைப்பார்கள். அடிபட்டபின் எடுக்கும் மதிப்பெண்ணை அதனுடன் ஒப்பிடுவதற்காக. முதல் சோதனையில் வேண்டுமென்றே மோசமாகச் செய்துவிடுவேன் என்று நட்சத்திர ஆட்டக்காரர் பெய்ட்டன் மானிங் 2011-ல் சொன்னார். விளையாட்டாகச் சொன்னேன் என்று பின்னர் விளக்கமும் தந்தார். உடைமாற்றும் அறையில் இருந்த யாருக்கும் அந்த வேடிக்கையை விளக்க வேண்டியிருந்திருக்காது.

அந்த ஆட்டத்தில் மைக் வெப்ஸ்டர் 17 சீசன் ஆடினார், அதில் 15 பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணிக்கு. அவர் ‘சென்டர்’. பந்தைக் கால்களுக்கிடையே பின்னுக்குத் தள்ளிவிட்ட கணத்திலேயே எதிரிலிருப்பவனோடு தலையால் முட்டும் இடம். ஒவ்வொரு ஆட்டத்திலும் பல டஜன் முட்டல்கள், பயிற்சியில் அதைவிட அதிகம். நான்கு சூப்பர் பௌல் வென்ற அந்த மனிதர் ஓய்வுக்குப்பின் சேமிப்பை இழந்தார், மணவாழ்க்கை முறிந்தது, தன் பிக்கப் வண்டியிலேயே படுத்துறங்கும் நிலைக்கு வந்தார். 2002 செப்டம்பரில், 50 வயதில் இறந்தார்.

உடலைக் கூறாய்வு செய்தவர் நைஜீரியாவிலிருந்து வந்த பென்னட் ஒமாலு. அமெரிக்கக் கால்பந்தைப் பற்றி அவருக்கு அதிகம் தெரியாது. வெளிப்பார்வைக்கு மூளை ஒழுங்காகவே இருந்தது. கோப்பை மூடியிருக்கலாம். அவர் மூளையைப் பதப்படுத்தி, சீவி, சாயமேற்றிப் பார்த்தார். டாவ் என்ற புரதம் நரம்பணுக்களுக்குள் முறுக்கிக்கொண்டு படிந்திருந்தது. நுண்குழல்களைத் தாங்கிப் பிடிப்பது டாவின் வேலை. குழல் முறிந்தால் அது கழன்று, திரண்டு, அணுவையே அடைத்துவிடும். வயதானவர்களின் அல்சைமரிலும் டாவ் திரளும். இங்கே திரளும் இடம் வேறு: மூளை மடிப்புகளின் பள்ளங்களில், சிறு ரத்தக்குழாய்களைச் சுற்றி. ‘நாள்பட்ட அதிர்ச்சி மூளைநோய்’, சுருக்கமாக சி.டி.இ., என்ற பெயரில் 2005-ல் இதை வெளியிட்டார். இதை வைத்து வந்த ஹாலிவுட் படம், ஒமாலு இந்த நோயைக் கண்டுபிடித்துப் பெயரும் வைத்ததாகக் காட்டுகிறது. உண்மையில் அந்தப் பெயர் அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே புழக்கத்தில் இருந்தது. இங்கிலாந்தில் கார்செலிஸ் 1973-லேயே 15 குத்துச்சண்டை வீரர்களின் மூளைகளை ஆராய்ந்து எழுதிவிட்டார். ஒமாலு செய்தது குறுகிய, ஆனால் பலருடைய பிழைப்போடு மோதிய வேலை. இந்த நோய் பல கோடி டாலர் தொலைக்காட்சி ஒப்பந்தம் உள்ள ஆட்டத்திலும் இருக்கிறது என்று காட்டினார்.

என்.எஃப்.எல். எனப்படும் தேசியக் கால்பந்து லீக் 1994-லேயே கன்கஷனை ஆராய ஒரு குழு அமைத்திருந்தது. தலைவராகப் போடப்பட்டவர் எலியட் பெல்மன், மூட்டுவாத நிபுணர். மூளைக்காயத்துக்கு மூட்டு மருத்துவர் என்பது இன்று படிக்கச் சிரிப்பாக இருக்கும். அந்தக் குழு மருத்துவ இதழில் வரிசையாகக் கட்டுரைகள் வெளியிட்டது. கன்கஷன் ஆனவர் அதே ஆட்டத்துக்குத் திரும்புவதால் பெரிய ஆபத்தில்லை என்பதே அவற்றின் போக்கு. அந்த ஆய்வுகளுக்கு அடிப்படையான தரவில், மருத்துவர்கள் உறுதிசெய்திருந்த நூற்றுக்கும் மேற்பட்ட கன்கஷன்கள் சேர்க்கப்படாமல் விடுபட்டிருந்ததை 2016-ல் நியூயார்க் டைம்ஸ் வெளிக்கொணர்ந்தது. ஒமாலுவின் கட்டுரை வந்தபோது, குழுவைச் சேர்ந்த மூவர் அதைத் திரும்பப் பெறும்படி இதழுக்கு எழுதினார்கள்.

இதில் விசித்திரம் என்னவென்றால், வெப்ஸ்டரின் மூளைக்கோளாறு ஆட்டத்தில் பட்ட அடிகளால் வந்தது என்று லீக்கோடு சேர்ந்த ஓய்வூதிய வாரியம் 1999-லேயே ஏற்று ஊனத்தொகை கொடுத்துவந்தது. ஒரு மேசையில் காசோலை, பக்கத்து மேசையில் மறுப்பு. 2009 அக்டோபரில் நாடாளுமன்றக் குழு லீக்கின் தலைவர் ரோஜர் கூடலை வரவழைத்துக் கேள்வி கேட்டது. உறுப்பினர் லிண்டா சாஞ்சஸ், சிகரெட் கம்பெனிகள் புற்றுநோயை மறுத்ததை நினைவூட்டினார். அந்த டிசம்பரில்தான் நீண்டகாலப் பாதிப்பு உண்டு என்பதை லீக்கின் பேச்சாளர் ஒப்புக்கொண்டார். சி.டி.இ.யோடு தொடர்பு உண்டு என்று ஒரு லீக் அதிகாரி வெளிப்படையாகச் சொல்ல 2016 ஆயிற்று. இடையில் 2011-ல் முன்னாள் வீரர் டேவ் டியூர்சன் தன் மூளையை ஆராய்ச்சிக்குக் கொடுத்துவிடும்படி எழுதிவைத்துவிட்டு உயிரை விட்டிருந்தார்.

2017-ல் பாஸ்டனில் ஆன் மெக்கீயின் குழு, இறந்த என்.எஃப்.எல். வீரர்கள் 111 பேரின் மூளையை ஆராய்ந்து 110 பேருக்கு சி.டி.இ. இருப்பதாக அறிவித்தது. ஆடியவர்களில் 99 விழுக்காட்டினருக்கு நோய் என்று இதை வாசிப்பது தவறு. நடத்தை மாறியதைக் கண்ணெதிரே பார்த்த குடும்பங்கள்தான் மூளையைத் தானம் செய்ய முன்வரும். எண்ணிக்கை அந்த வாசலில் வடிகட்டப்பட்டு வருகிறது என்று கட்டுரையிலேயே எச்சரிக்கை இருந்தது. நோய் அரிதாக இருந்தால் இத்தனை மூளைகள் கிடைத்திருக்காது என்ற அளவுக்கு மட்டும் உறுதியாகச் சொல்லலாம். உயிரோடு இருப்பவரிடம் இதை உறுதிப்படுத்தும் வழி இன்னும் வரவில்லை.

அந்த இடைவெளிக்குள் வழக்கறிஞர்கள் நுழைந்தார்கள். 4,500-க்கும் மேற்பட்ட முன்னாள் வீரர்கள் தொடுத்த வழக்கில், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே 76.5 கோடி டாலர் தருவதாக 2013-ல் லீக் உடன்பட்டது. தொகை போதாது என்று நீதிபதி அனிதா பிராடி தயங்கியபின் உச்சவரம்பு நீக்கப்பட்டு, 2015-ல் ஒப்புதல் கிடைத்தது. சி.டி.இ.க்கு இழப்பீடு உண்டு, ஆனால் 2015 ஏப்ரல் 22-க்கு முன் இறந்து, மூளையில் அது கண்டறியப்பட்டவர்களுக்கு மட்டும். உயிரோடு இருப்பவர்கள் டிமென்ஷியா, பார்க்கின்சன் போன்றவற்றை நிரூபித்தாக வேண்டும்.

டிமென்ஷியாவை எப்படி நிரூபிப்பது? இந்தக் கதையிலேயே என்னை அதிகம் உலுக்கிய பகுதி இதுதான். ஒருவருக்கு அறிவாற்றல் சரிந்திருக்கிறது என்று சொல்ல, முன்பு எவ்வளவு இருந்தது என்று தெரிய வேண்டும். யாருடைய பழைய மதிப்பெண்ணும் கையில் இல்லை. ஆகவே அவரைப் போன்ற வயது, படிப்பு உள்ளவர்களின் சராசரியோடு ஒப்பிடுவார்கள். பரவலாகப் புழங்கிய அட்டவணையில் இன்னொரு பத்தியும் இருந்தது: இனம். கறுப்பினத்தவரின் சராசரி தாழ்வாகக் குறிக்கப்பட்டிருந்தது. இரண்டு வீரர்கள், ஒரே வயது, ஒரே படிப்பு, சோதனையில் ஒரே மதிப்பெண். வெள்ளைக்காரர் தன் சராசரியிலிருந்து வெகுதூரம் சரிந்துவிட்டார், அவருக்கு நோய், அவருக்குப் பணம். கறுப்பினத்தவர் தொடக்கத்திலேயே கீழே இருந்ததாகக் கணக்கு, எனவே பெரிதாகச் சரியவில்லை, வீட்டுக்குப் போகலாம். அட்டவணை இந்த நோக்கத்தில் பிறந்ததல்ல. மோசமான பள்ளிகளில் படித்த கறுப்பினத்தவரை அநியாயமாக டிமென்ஷியா நோயாளி என்று முத்திரை குத்திவிடக் கூடாது என்று 1990-களில் செய்யப்பட்ட திருத்தம் அது. சிகிச்சை அறையில் பாதுகாப்பாக இருந்தது, இழப்பீட்டு அலுவலகத்தில் சுவராக மாறியது. என்.எஃப்.எல். வீரர்களில் பெரும்பான்மையோர் கறுப்பினத்தவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனத் திருத்தம் கட்டாயமில்லை, மருத்துவரின் விருப்பம் என்றே ஒப்பந்தம் சொன்னது. அதைச் செய்யாமல் நோயை உறுதிசெய்த முடிவுகளை எதிர்த்து லீக் மேல்முறையீடு செய்தது. கெவின் ஹென்றி, நாஜே டேவன்போர்ட் என்ற இரண்டு முன்னாள் வீரர்கள் 2020 ஆகஸ்டில் வழக்குத் தொடுத்தார்கள். வழக்கைத் தள்ளுபடி செய்த நீதிபதியே இரு தரப்பையும் சமரசப் பேச்சுக்கு அனுப்பினார். வீரர் கென் ஜென்கின்ஸும் அவர் மனைவி ஏமி லூயிஸும் 50,000 கையெழுத்துகளோடு நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2021 ஜூனில் இந்த வழக்கத்தைக் கைவிடுவதாக லீக் அறிவித்தது. பழைய விடைத்தாள்கள் இனப்பத்தி இல்லாமல் மறுபடி திருத்தப்பட்டதும், மறுக்கப்பட்டிருந்த நூற்றுக்கணக்கானோர் தகுதி பெற்றார்கள். அவர்களின் மூளையில் புதிதாக எதுவும் மாறியிருக்கவில்லை.

வெப்ஸ்டர் இறந்த அதே 2002-ல், இங்கிலாந்தில் ஜெஃப் ஆஸ்டில் இறந்தார். நம் ஊரில் கால்பந்து என்றே சொல்லும் ஆட்டத்தில், வெஸ்ட் ப்ராம்விச் ஆல்பியன் அணியின் முன்னணி ஆட்டக்காரர், தலையால் பந்தை முட்டுவதில் கெட்டிக்காரர். வயது 59. கனமான தோல்பந்தைத் திரும்பத் திரும்ப முட்டியதே மூளையைக் கெடுத்தது என்று கருதிய மரண விசாரணை அதிகாரி, காரணத்தை ‘தொழில்நோய்’ என்று பதிவு செய்தார். நிலக்கரித் தூசியில் நுரையீரல் கெட்டவருக்கு எழுதும் அதே வார்த்தை. ஆனால் அது கோப்பிலேயே தங்கிவிட்டது. கிளாஸ்கோவில் வில்லி ஸ்டூவர்ட்டின் குழு, ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறை ஆட்டக்காரர்கள் 7,676 பேரின் இறப்புப் பதிவுகளைச் சாதாரண மக்களோடு ஒப்பிட 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இதயநோயிலும் நுரையீரல் புற்றிலும் அவர்கள் குறைவாகவே இறந்திருந்தார்கள். மூளைச் சிதைவு நோய்களில் மட்டும் மூன்றரை மடங்கு அதிகம். அடுத்த ஆய்வில் ஆடிய இடம்வாரியாகப் பிரித்தபோது, அதிகம் முட்டும் தடுப்பாட்டக்காரர்களுக்கு அபாயம் சுமார் ஐந்து மடங்கு. பந்தைக் கையால் பிடிக்கும் கோல்கீப்பர்களுக்குப் பொதுமக்களைவிடப் பெரிதாகக் கூடவில்லை. கன்கஷன் என்று யாருமே எழுதிவைக்காத சிறுசிறு முட்டல்களும் சேர்ந்துகொண்டே போகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான தடயம் கிடைப்பது கடினம்.

இத்தனையும் சம்பளம் வாங்கி, கேமராவுக்கு முன்னால் அடிபட்டவர்களின் கதை. 1990-ல் ‘லான்செட்’ இதழில் ஒரு சிறு குறிப்பு வந்தது. கணவனிடம் பல ஆண்டுகள் அடிபட்டு, டிமென்ஷியாவோடு இறந்த ஒரு பெண்ணின் மூளை. குத்துச்சண்டை வீரர்களின் மூளையில் கண்டதையே ஆய்வாளர்கள் அங்கேயும் கண்டார்கள். உலகம் அதைப் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டியது. 2003-ல் உளவியலாளர் ஈவ் வலேரா, வாழ்க்கைத்துணையின் வன்முறைக்கு ஆளான 99 பெண்களிடம் விசாரித்தார். முக்கால்வாசிப் பேருக்கு ஒருமுறையாவது மூளைக்காயம் ஏற்பட்டிருந்தது, பாதிப் பேருக்குப் பலமுறை. சுவரில் மோதப்பட்டவர்கள், கழுத்து நெரிக்கப்பட்டு நினைவிழந்தவர்கள். வீரருக்காவது ஆட்டத்திலிருந்து வெளியேற்ற ஒரு விதி உண்டு. இவர்களுக்கு இரண்டாவது அடி எப்போது வரும் என்பதை முதல் அடி கொடுத்தவனே தீர்மானிக்கிறான். போலீஸிடம் முன்னுக்குப்பின் முரணாகப் பேசுவது, தேதி மறப்பது, நீதிமன்றத்தில் திடீரென்று சிடுசிடுப்பது எல்லாம் மூளையதிர்ச்சியின் பாடப்புத்தக அறிகுறிகள். சாட்சிக்கூண்டில் அவையே பொய்யின் அடையாளமாக எடுத்துக்கொள்ளப்படும்.

நம் பக்கத்தில் கால்பந்தும் குத்துச்சண்டையும் சின்ன விஷயம். இரு சக்கர வண்டிதான் பெரிது. 2015 ஜூலை முதல் ஹெல்மெட் கட்டாயம் என்று சென்னை உயர் நீதிமன்றத் தலையீட்டின்பேரில் அறிவிப்பு வந்தது, அது உயிர்களைக் காக்கிறது என்பதில் சந்தேகமில்லை. தலையில் அடியோடு நம் ஊர் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போனவர்களுக்கு அந்த நான்கு கேள்விகள் தெரிந்திருக்கும்: மயக்கம் போட்டதா, வாந்தி எடுத்ததா, வலிப்பு வந்ததா, காது மூக்கில் ரத்தம் வந்ததா? நான்கும் நல்ல கேள்விகள். மண்டைக்குள் உயிரைப் பறிக்கும் ரத்தக்கசிவு இருக்கிறதா என்று சில நிமிடங்களில் சலித்துப் பார்க்கப் பயன்படுபவை. நெரிசலில் நிற்கும் பயிற்சி மருத்துவரிடம் அதற்குமேல் எதிர்பார்க்கவும் முடியாது. ஆனால் நான்குக்கும் ‘இல்லை’ என்று பதில் சொன்ன பலருக்கும் கன்கஷன் இருக்கும். ஸ்கேன் நார்மல் என்றதும் குடும்பம் நிம்மதியாக வீடு திரும்புகிறது. பத்து நாள் கழித்துக் கடையில் சில்லறைக் கணக்கு தவறுகிறது, லேத் மெஷின் சத்தம் தாங்கவில்லை, பிள்ளைமேல் கை ஓங்குகிறார். ‘ஆக்சிடென்டுக்கு அப்புறம் மனுஷன் ஒரு மாதிரி ஆயிட்டாரு’ என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். யாரும் அதை மருத்துவமனைக்குக் கொண்டுபோவதில்லை. விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலோ கணக்கு ஊன விழுக்காட்டில் ஓடுகிறது. முறிந்த காலுக்கு எக்ஸ்ரே பேசும். மறதிக்கும் எரிச்சலுக்கும் விழுக்காடு போட்டுச் சான்றிதழ் வாங்க, நரம்பு உளவியல் சோதனை செய்யும் ஒருவரை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். பெரிய நகரங்களுக்கு வெளியே அது எளிதல்ல.

அதே அவசரப் பிரிவில், ஏ.ஆர். எனப்படும் அதே விபத்துப் பதிவேட்டில், நெற்றியில் வீக்கத்தோடு வரும் பெண்ணுக்கும் ஒரு வரி எழுதுகிறார்கள். பக்கத்திலேயே கணவன் நிற்கிறான். எங்கே, எப்படி என்று மருத்துவர் கேட்கிறார். பாத்ரூமில் வழுக்கி விழுந்துட்டா சார், என்று அவனே பதில் சொல்லிவிடுகிறான். அந்த நான்கு கேள்விகளுக்கும்கூட அவன்தான் பதில் சொல்கிறான்.